சந்தியில் நின்று சமயம் பேசுதல்



என் சிறு பிராயத்தில் எங்கள் ஊர்ச் சந்தைக்கு ஓர் உபதேசியார் வருவதுண்டு. தாமிரபரணிக் கரையில், வாய்க்காலுக்கும் மாந்தோப்புக்கும் இடையிலிருந்த திடலில் வாரம் ஒரு நாள் சந்தை கூடும். கருப்புக்கட்டிச் சிப்பங்களும் ஓலைப் பெட்டிகளும் அடுக்கிய வரிசை முடிகிற இடத்தில், புளியமரத்தடியில் அவர் நிற்பார். கையில் கஞ்சிரா, தோளில் ஒரு துணிப்பை, பை நிறையத் துண்டுப் பிரசுரங்கள். முதலில் ஒரு கீர்த்தனை பாடுவார். நாலு பேர் சேர்ந்ததும் பிரசங்கம் தொடங்கிவிடும்.

என் பாட்டனார் சைவப் பற்று மிக்கவர். நெற்றி நிறைய நீறும் கக்கத்தில் குடையுமாகச் சற்று எட்ட நின்று கேட்பார். கூட்டத்தில் கலக்கவும் மாட்டார். விட்டுப் போகவும் மாட்டார். ஒரு நாள் பிரசங்கம் முடியும் சமயத்தில் குடையை ஊன்றிக்கொண்டு, "உபதேசியாரே, நீர் வாராவாரம் இங்க வந்து நின்னு பேசுதீரே, இது யார் கொடுத்த உத்தரவு?" என்று கேட்டார். உபதேசியார் தயங்கவில்லை. "பெரியவர் அங்க நின்னு கேக்கறதுக்கு யார் உத்தரவு கொடுத்தாவளோ, அவுஹதான்" என்றார். சந்தையே சிரித்தது, பாட்டனாரும் சிரித்துவிட்டார். அன்று உபதேசியாருக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் மோர் கிடைத்தது. அதற்குப் பின்னும் பாட்டனார் கடைசிவரை நீறு பூசினார். உபதேசியார் கடைசிவரை பிரசங்கம் செய்தார்.

வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி வேறொரு முகத்தோடு என்னிடம் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் பேருந்து நிலையத்தில், வயது முதிர்ந்த ஓர் அம்மையாரும் அவருடைய மகனும் வேதப் பிரசுரங்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு வாலிபர்கள் சூழ்ந்துகொண்டு, பையைப் பறித்து, பிரசுரங்களை அங்கேயே தீயிட்டார்கள். மகனுக்குக் கையில் அடி. இரு தரப்பும் காவல் நிலையம் ஏறிற்று. வாலிபர்களில் ஒருவனுடைய தகப்பனார் என்னோடு பள்ளியிற் படித்தவர். இரவோடு இரவாக வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, சுத்தி வளைக்காண்டாம். அந்த அம்மாவுக்கு அங்க நின்னு குடுக்க உரிமை உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிருங்க" என்றார்.

உண்டு என்பதுதான் அந்த ஒரு வார்த்தை. ஆனால் அந்த ஒரு வார்த்தை நம் நாட்டில் சட்டமானதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பெரும்பகுதி நம்முடைய திருநெல்வேலிச் சீமையிலேயே நடந்தது.

ஷ்வார்ட்ஸ் ஐயர் 1778-இல் ஞானஸ்நானம் கொடுத்த ஒரு பிராமண விதவை குளோரிந்தா என்ற பெயருடன் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். அவருடைய முயற்சியால் எழுந்த சிறு கோயில் 1785-இல் பிரதிஷ்டையாயிற்று. பின்னர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ், 1838-இல் மரிக்கும் வரையில் இச்சீமையின் கிராமங்களிலெல்லாம் நடந்து பிரசங்கித்தார், தமிழில் எழுதினார், அச்சிட்டார். சபைகள் பெருகின. மதம் மாறியவர்களுக்கென்றே புதுக் குடியிருப்புகள் எழுந்தன. ஊர்க் கோயில் வரி, தேரிழுக்கும் கடமை, சாதிக் கட்டு இவற்றிலிருந்து ஒரு கூட்டம் விலகிச் செல்லும்போது ஊர் சும்மா இருக்குமா? விபூதிச் சங்கம் என்ற பெயரில் எதிர் இயக்கம் ஒன்று தோன்றியது. 1845-ஆம் ஆண்டின் இறுதியில் நல்லூரைச் சுற்றிய கிறிஸ்தவக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் சூறையாடப்பட்டன, ஏராளமானோர் கைதாயினர்.

இந்தக் கலகத்தைப் பலர் அறிவர். இதன் பின்னுரையைச் சிலரே அறிவர். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. தண்டிக்கப்பட்டவர்களின் வழக்கு சென்னையிலிருந்த சதர் அதாலத்து என்னும் மேல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவர்களை விடுவிப்பது பற்றி நீதிபதிகளுக்கும் கவர்னர் டுவீடேல் பிரபுவின் சர்க்காருக்கும் பெரும் மோதல் மூண்டது. நீதிபதிகளுள் ஒருவரான மால்கம் லூயின், சர்க்கார் நீதியின் போக்கில் தலையிடுகிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். அதன் பலனாக 1846-இல் பதவியை இழந்தார். அதே கவர்னர்தான் அரசாங்கப் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடமாக்க விரும்பியவர். சென்னைப் பட்டணத்தில் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையில் இந்துக்கள் கூடி, லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு மகஜர் அனுப்பினார்கள். பாடமாக்கும் யோசனையை டைரக்டர்கள் ஏற்கவில்லை.

கவனியுங்கள்: கிறிஸ்தவன் ஒருவன் தெருவில் பேசுகிறான் என்பது அந்த மகஜரின் குறை அன்று. ஆளுகிறவர்கள் ஒரு மதத்தின் பக்கம் சாய்ந்து நீதிபதியின் கையையும் பிடிக்கிறார்கள் என்பதே குறை. குடிமகன் தன் சமயத்தைப் பேசலாம். சர்க்கார் பேசலாகாது என்ற வேறுபாடு, நம் நாட்டில் யாரும் சட்டமாக எழுதுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, நெல்லைச் சீமைக் கலகத்தை ஒட்டிய அந்தச் சண்டையில் தலை காட்டிவிட்டது.

1850-இல் வந்தது இன்னொரு சட்டம். அந்த ஆண்டின் 21-ஆவது சட்டம் அது. மதம் மாறியதனாலோ சாதியிலிருந்து விலக்கப்பட்டதனாலோ ஒருவன் தன் சொத்துரிமையை இழக்கமாட்டான் என்றது. அதுவரை மதம் மாறிய மகனுக்குத் தகப்பன் நிலம் எட்டாக்கனி. இந்தச் சட்டத்தை எதிர்த்தும் சென்னையில் மகஜர்கள் எழுந்தன. பேசுகிறவனுக்குச் சட்டம் என்ன தந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. கேட்டு மனம் மாறியவனுக்கு என்ன தந்தது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

எதிர்த்தவர்கள் வெறும் தடியை மட்டும் எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1847-இன் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். பாதிரிமாரிடம் கற்ற பிரசங்க முறையையும் அச்சுக்கூடத்தையும் அவர்களுக்கு விடை சொல்லவே பயன்படுத்தினார். 1887-இல் சென்னையில் ஏற்பட்ட இந்துப் பிரசுர சங்கம், பாதிரியார் எந்தச் சந்தியில் நின்றாரோ அந்தச் சந்திக்கே தன் பிரசாரகர்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அனுப்பிற்று. ஆக, தெருமுனைப் பிரசங்கம் ஒரு மதத்தின் தனிச் சொத்தாக நெடுநாள் இருக்கவில்லை. கருஞ்சட்டைத் தோழர்களும் பிற்காலத்தில் அதே தெருமுனையில், அதே மேசை மீது ஏறி, கடவுள் இல்லை என்றார்கள்.

நெல்லையிலே சமயம் பரவிய வழிகள் இவ்வளவுதான் என்று சொல்வதற்கில்லை. கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடியிற் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858-இல் கிறிஸ்தவரானார். அவர் சந்தியில் நிற்கவில்லை. கம்பன் நடையில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கு இன்றும் இந்துக்கள் நேர்ச்சை கொண்டு போகிறார்கள். அவர்களை யாரும் அழைப்பதில்லை. இருந்தாலும் சட்டத்துக்கு வேலை வைப்பது சந்திதான். காவியத்தை விரும்பாதவன் புத்தகத்தை மூடிவிடலாம். சந்தியில் எழும் குரலை அப்படி மூடிவிட முடியாது.

நாடு விடுதலை பெற்று அரசியல் சட்டம் எழுதும் வேளையில் இந்தப் பழைய வழக்கு டில்லிக்குச் சென்றது. வற்புறுத்தியோ தகாத செல்வாக்கைச் செலுத்தியோ செய்த மதமாற்றம் செல்லாது என்று ஒரு பிரிவு வேண்டுமா என 1947 மே மாதம் முதல் நாள் அரசியல் நிர்ணய சபை விவாதித்தது. வல்லபபாய் படேலைத் தலைவராகக் கொண்ட ஆலோசனைக் குழு, பலவந்தத்தைச் சட்டம் ஒருபோதும் ஏற்காது என்பது சொல்லாமலே விளங்கும் என்று அதைக் கைவிட்டது. 1948 டிசம்பர் 6-ஆம் நாள் மற்றொரு விவாதம். இன்று நாம் 25-ஆவது பிரிவு என்று கூறும் விதியில், சமயத்தைக் கைக்கொள்ளவும் ஒழுகவும் என்பதோடு, பரப்பவும் என்ற சொல் இருக்கலாமா? ஒரிஸ்ஸாவின் லோகநாத் மிஸ்ரா அந்தச் சொல்லை நீக்கச் சொன்னார்; நாட்டைப் பிளந்த சமயப் பூசலின் புண் அப்போது ஆறவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அந்த விவாதத்தில் சென்னை மாகாணத்து உறுப்பினர் மூவர் எழுந்தார்கள். மூவரும் இந்துக்கள். மூவரும் அச்சொல் இருக்கட்டும் என்றார்கள். எல். கிருஷ்ணசுவாமி பாரதி, இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கொடுக்கும் சலுகையன்று, எல்லா மதத்தாருக்கும் உரியது என்றார். கே. சந்தானம், பரப்புதல் என்பது பேச்சுச் சுதந்திரத்தின் ஒரு கூறுதான். பணத்தாலும் நெருக்கடியாலும் கூட்டம் கூட்டமாக மாற்ற முயன்றால் அரசு தலையிடத் தடையில்லை என்று விளக்கினார். டி. டி. கிருஷ்ணமாசாரி சொன்னது என் உள்ளத்தில் நிற்பது. தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களிற் படித்ததாகவும், தம்மை மாற்ற யாரும் முயன்றதில்லை என்றும் கூறினார். தாழ்த்தப்பட்டோர் மாறியதற்கு அங்கே கிடைத்த மதிப்பும் ஒரு காரணம் என்பதையும் மறைக்கவில்லை. மிஸ்ராவின் திருத்தம் தோற்றது. அந்தச் சொல் நின்றது.

டி. டி. கிருஷ்ணமாசாரியின் பேச்சைப் படிக்கும் பாளையங்கோட்டைக்காரர் எவரும் தம் பள்ளி நாட்களை நினைக்காமல் இரார். மிஷன் பள்ளியில் ஒரு மணி அடித்தால் கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கும் ஏனையோர் நீதிபோதனை வகுப்புக்கும் பிரிந்து போவோம். நீதிபோதனையில் எங்களுக்குத் திருக்குறளும் கதைகளும். வேதபாட வகுப்பில் படக்காட்சி உண்டென்று கேள்விப்பட்டு நாங்களே அங்கே போய் உட்கார்ந்ததும் உண்டு. அந்தப் பிரிவினைக்குப் பின்னால் இருந்தது அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பள்ளியில், மாணவனை அவன் சம்மதமின்றி, சிறுவனாயின் காப்பாளர் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யலாகாது. படக்காட்சிக்குப் போன எங்களுக்குக் காப்பாளர் சம்மதம் இல்லை என்பது வேறு விஷயம்.

25-ஆவது பிரிவு இரண்டு பொருள்களை ஒரே மூச்சில் சொல்கிறது. முதலில் மனச்சான்றின் சுதந்திரம். அதன் பின்னரே சமயத்தைக் கைக்கொள்ளல், ஒழுகல், பரப்பல். பொது அமைதி, ஒழுக்கம், மக்கள் நலவாழ்வு ஆகிய மூன்றும், அடிப்படை உரிமைகளைப் பற்றிய மற்றப் பிரிவுகளும் இதற்கு வரம்பு. குடிமக்களுக்கு என்றுகூடச் சொல்லவில்லை. எல்லா மனிதர்களுக்கும் என்கிறது. 1954-இல் ரத்திலால் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் சமயக் கருத்துகளைப் பிறருடைய உள விளக்கத்துக்காகப் பரப்பும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென்றது.

அப்படியானால் மதம் மாற்றும் உரிமையும் அதில் அடங்குமா? ஒரிஸ்ஸாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் சட்டங்கள் பிறந்தன. பலவந்தம், ஆசை காட்டல், மோசடி இவற்றால் மாற்றுவது குற்றம் என்று அவை விதித்தன. ஒரிஸ்ஸா உயர் நீதிமன்றம் தன் மாநிலச் சட்டத்தைச் செல்லாதென்றது. மத்தியப் பிரதேச நீதிமன்றம் தன் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. ஸ்டனிஸ்லாஸ் என்ற கத்தோலிக்கக் குருவின் பெயரால் அறியப்படும் வழக்கில், 1977 ஜனவரி 17-ஆம் நாள் தலைமை நீதிபதி ஏ. என். ரே உள்ளிட்ட ஐவர் தீர்ப்பளித்தார்கள். பரப்புவது என்றால் ஒரு மதத்தின் கொள்கைகளை எடுத்துரைத்து உணர்த்துவது. இன்னொருவனை மாற்றுவதற்கு அது உரிமை தராது. அப்படித் தந்தால் அந்த இன்னொருவனுடைய மனச்சான்றின் சுதந்திரம் என்னாவது என்று கேட்டார்கள். இரு மாநிலச் சட்டங்களும் செல்லும் என்றும் முடிவாயிற்று.

இந்தத் தீர்ப்பை எச். எம். சீர்வை போன்ற சட்ட மேதைகள் தவறென்று கடுமையாகவே எழுதினார்கள். நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். கேட்பவனுடைய மனம் பேசுபவனுடைய சொத்தன்று; ஆகவே மாற்றும் உரிமை என்று ஒன்று பேசுபவனுக்கு இருக்க முடியாது. அதுவரை சரி. ஆனால், கேட்டவன் தானாக மாற விரும்பினால் அது அவனுடைய மனச்சான்றின் உரிமை. அந்த உரிமையைப் பற்றித் தீர்ப்பு அதிகம் பேசவில்லை, குறை அங்கேதான்.

இன்னொன்று. அந்தச் சட்டங்களில் பலவந்தம் என்ற சொல்லுக்கு, தெய்வ கோபம் வரும் என்று பயமுறுத்துவதும் அடங்கும் என்று பொருள் எழுதியிருக்கிறது. நரகம் என்ற சொல் இல்லாத பிரசங்கம் எந்த மதத்தில் உண்டு? சாமி குத்தம் என்று சொல்லாத கிராமத்துப் பூசாரிதான் உண்டா? சட்டம் எழுதியவர் ஒரு நாளாவது எங்கள் பக்கத்துக் கொடை விழாவில் சாமியாடி சொல்லும் குறியைக் கேட்டிருந்தால் அந்தச் சொற்களைப் போட்டிருக்கமாட்டார்.

மறுபடியும் நம் சீமைக்கு வருவோம். அப்போது திருநெல்வேலி மாவட்டத்திலும் இப்போது தென்காசி மாவட்டத்திலும் உள்ள மீனாட்சிபுரத்தில், 1981 பிப்ரவரி 19-ஆம் நாள் சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் என்றும் வழங்கலாயிற்று. நாடே அந்தச் சிற்றூரை நோக்கித் திரும்பியது. வாஜ்பாய் முதலிய தலைவர்கள் நேரில் வந்தார்கள். அயல்நாட்டுப் பணம் என்றார்கள் ஒரு சாரார். தேநீர்க் கடையிலும் தெருவிலும் பட்ட இழிவு என்றார்கள் மாறியவர்கள். நான் அப்போது இளைஞன். எங்கள் வீட்டில் நடந்த வாதங்களில் அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் மனத்தில் நடந்ததைப் பற்றி நாங்கள் எல்லோரும் உறுதியாகப் பேசினோம். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த அதிர்வு நெடுநாள் நின்றது. 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைக்கான அவசரச் சட்டம் பிறந்தது. அம்மாதமே சட்டமன்றமும் அதை ஏற்றது. மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறுவராகவோ தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பினராகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம் ரூபாய். வயது வந்த ஒரு பெண்ணைச் சிறுவரோடு ஒரே வரிசையில் வைத்தது என்ன நியாயமோ, நான் அறியேன். 2004-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின் அந்த அரசே சட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆகையால் இன்று நம் மாநிலத்தில் மதமாற்றத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. வேறு பல மாநிலங்களில் உண்டு.

தனிச் சட்டம் இல்லை என்றால் வரம்பே இல்லை என்று பொருளாகாது. முதலில் சப்தம். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்தில் ஒரு சபையார் ஒலிபெருக்கியும் முரசும் கிடாரும் வைத்து வழிபட்டார்கள். குடியிருப்போர் சங்கம் வழக்குத் தொடுத்தது. எங்களை மதத்தின் பேரால் நெருக்குகிறார்கள், சாலையில் ஓடும் வண்டிகளின் இரைச்சலே பெரிது என்று சபை வாதிட்டது. 2000 ஆகஸ்டு 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று கூறிச் சபையின் முறையீட்டைத் தள்ளியது. இந்தத் தீர்ப்பு கோயில் வில்லுப்பாட்டுக்கும் பள்ளிவாசல் பாங்குக்கும் அரசியல் கட்சிக் கூட்டத்துக்கும் சரியாகவே பொருந்தும். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மார்கழி மாதத்து நேயர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம்.

அடுத்தது தெரு. ஊர்வலம் போகும் உரிமை எல்லா வகுப்பாருக்கும் உண்டு. போக்குவரத்துக்கும் காவலர் ஒழுங்குக்கும் உட்பட்டது அது என்று ஆங்கிலேயர் காலத்திலேயே பிரிவி கவுன்சில் வரை சென்று முடிவாயிற்று. 2021-இல் பெரம்பலூர் மாவட்டம் வி. களத்தூர் வழக்கில், தெருவில் பெரும்பான்மையாக வாழும் மற்றொரு மதத்தார் ஆட்சேபிக்கிறார்கள் என்பதற்காகக் கோயில் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அந்தத் தெருவில் அவர்கள் பெரும்பான்மை. அடுத்த தெருவில் சிறுபான்மை. இந்த நியாயம் இரண்டு தெருவுக்கும் ஒன்றே.

மூன்றாவது நிந்தை. தன் சமயத்தை உயர்த்திப் பேசலாம். பிறர் சமயத்தை ஆராய்ந்து மறுக்கவும் செய்யலாம். வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு இழிவுபடுத்தினால் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 295-ஏ என்றிருந்த பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையில் 299-ஆவது பிரிவாகியிருக்கிறது. திருச்சியில் 1953-இல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்த வழக்கு 1958-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது இந்த வகைப் பிரிவுகளின் கீழ்தான். நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டுகளைக் கடிந்துகொண்டது; ஆனால் காலம் கடந்துவிட்டதென்று மேல் நடவடிக்கைக்கு உத்தரவிடவில்லை.

நலவாழ்வு என்ற வரம்பைப் பலர் கவனிப்பதில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயச் சிகிச்சை விளம்பரச் சட்டம் என்று ஒன்றுண்டு. தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் குறிப்பிட்ட நோய்கள் தீரும் என்று விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். ஜெபிப்பது உரிமை, இன்ன நோய் தீரும் என்று சுவரொட்டி ஒட்டுவது அபாயம். நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்தால் இந்தச் சட்டம் மிகுந்த தனிமையில் வாழ்கிறது என்று தோன்றும்.

வீடு தேடிச் சென்று பேசுவது பற்றி ஐரோப்பாவிலும் ஒரு பெரிய வழக்கு நடந்தது. கிரேக்க நாட்டுக் கிரீட் தீவைச் சேர்ந்த கொக்கினாகிஸ் என்ற முதியவர், யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவர். தம் சமயப் பேச்சுக்காக அறுபது தடவைக்கு மேல் கைதானவர். 1986-இல் அவரும் அவர் மனைவியும் ஒரு வீட்டுக்குச் சென்று பேசினார்கள். அந்த வீட்டு அம்மாளின் கணவர் ஆர்த்தடாக்ஸ் கோயிலில் பாடகர்; அவர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். 1993-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சாட்சி சொல்வது வேறு, பொருளாசை காட்டியும் துயரத்தில் இருப்பவரை நெருக்கியும் மாற்றுவது வேறு என்று பிரித்து, முதியவர் பக்கம் தீர்ப்பளித்தது. நம் நாட்டு நீதிமன்றங்கள் வேறு சொற்களில் தேடிக்கொண்டிருக்கும் கோடும் ஏறத்தாழ அதுவே.

பேருந்து நிலையத்துக் கதைக்கு வருகிறேன். என் பழைய தோழர் சொன்ன வாதம் இது: "அவங்க குடுத்ததாலதான பயக கோவப்பட்டான்? கலவரம் வரும்னா போலீசு முதல்ல அவங்களத்தான நிறுத்தணும்?" இந்த வாதத்துக்கு விடை ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில் இருக்கிறது. ஒரே ஒரு கிராமத்திலே என்ற படத்தைத் திரையிட்டால் கலவரம் வரும் என்றார்கள். 1989-இல் உச்ச நீதிமன்றம், மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துச் சுதந்திரத்தை அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்று கூறியது. பேசுகிறவனைக் காப்பது அரசின் கடமை. கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்பது சாக்காகாது. பிரசுரத்தை வாங்க மறுக்க அந்தப் பையன்களுக்கு முழு உரிமை இருந்தது. வாங்கிக் கிழித்துப் போடவும் இருந்தது. கொடுத்த பின் அது அவர்கள் தாள். பையைப் பறித்ததும் அடித்ததும் குற்றம். அம்மையார் பக்கமும் நான் ஒன்று கேட்டறிந்தேன்: பிரசுரத்தில் பிறர் தெய்வத்தைப் பழித்த வாசகம் ஏதுமில்லை; பணமோ வேலையோ தருவதாகவும் இல்லை. இருந்திருந்தால் என் விடை வேறு வகையாக இருந்திருக்கும்.

தோழர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்போ எங்க ஆளுகளும் அங்க நின்னு திருவாசகம் படிச்சா?" என்றார். "தாராளமா" என்றேன். மறுநாள் அவர் மகனை அழைத்துக்கொண்டு அந்த அம்மையார் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. புகார் வாபஸாயிற்று, கையில் அடிபட்டவருக்கு வைத்தியச் செலவு போயிற்று. அந்த மார்கழியில் வாலிபர்கள் அதே பேருந்து நிலையத்து வாசலில் திருவெம்பாவை பாட அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்களும் கேட்டார்கள். வேறு நேரம் ஒதுக்கிக் கிடைத்தது.

இரண்டு கூட்டத்துக்கும் மைக் செட் போட்டவர் ஒருவரே. அந்த ஊரில் கொடைக்கும் கந்தூரிக்கும் அசனத்துக்கும் அவர்தான் குழாய் கட்டுவார். ஒரு நாள் காலை என் அலுவலகத்துக்கு வந்து, "ஐயா, எத்தனைக்கு மேல வச்சா கேஸு வரும்? ரெண்டு பக்கத்துலயும் கூட்டு கூட்டுங்காவ" என்று கேட்டார். பகலுக்கு 55, இரவுக்கு 45, பத்து மணிக்குமேல் கிடையாது என்றேன். தம் வாடகை அட்டையின் பின்புறத்தில் அதை எழுதிக்கொண்டு, எல்லோருக்கும் அதையே காட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.